யோசிக்கிற ஓர் அம்மாவும் உங்கள் நேர்முகப் பரீட்சையும்: ஒரு திறந்த மடல்

மருத்துவ உளவியல் பட்டப்பின் படிப்புக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களில் எவரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்களுக்கு வரவிருக்கும் விண்ணப்பம் ஒன்றை, அது தபாலில் சேர்வதற்கு முன்னமே நான் பார்த்துவிட்டேன். அதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

போன மாதம் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். உளவியலில் பட்டம் முடித்தவள். இரண்டு வருடமாக எங்களோடு தொண்டராக வேலை செய்கிறாள். “அக்கா, இதை ஒருக்கால் பாத்துத் தாங்கோ” என்று இரண்டு தாள்களை நீட்டினாள். தான் ஏன் மருத்துவ உளவியலாளராக விரும்புகிறாள் என்று நீங்கள் எழுதச் சொல்லும் கட்டுரை. நல்ல ஆங்கிலம். முதல் பந்தியிலேயே ஷெல் விழுந்தது. இரண்டாம் பந்தியில் பங்கர். மூன்றாவதில் மாமா ஒருவர் காணாமற்போனார். கடைசிப் பந்தியில், காயப்பட்ட தன் மக்களின் மனங்களை ஆற்றப் போவதாக அவள் சபதம் எடுத்திருந்தாள்.

வன்னியில் யுத்தம் முடிந்த 2009 இல் அவளுக்கு எட்டு வயது. கொக்குவிலில் வளர்ந்தவள். பங்கருக்குள் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை, அவளுடைய அம்மாதான் இருந்திருக்கிறா. பொய் என்று சொல்லமாட்டேன். அம்மாவின் பங்கரைக் கடன் வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

“ஏன் பிள்ளை இப்பிடி எழுதினனீ?” என்று கேட்டேன்.

“இப்பிடி எழுதினாத்தான் எடுப்பினமாம் அக்கா.”

“ஆர் சொன்னது?”

“எடுபட்ட ஆக்கள்தான்.”

மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்து அனுப்பினேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மருத்துவ உளவியலாளர் அல்ல. உளசமூகப் பணியாளராகத் தொடங்கி, பிறகு உளவளத்துணையும் படித்துக்கொண்டவள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது எனக்கு வேலை இல்லை. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பெண்பிள்ளைகள் தேவை என்று ஒரு நிறுவனம் ஆள் சேர்த்தது. சம்பளம் நல்லது. மூன்று நாள் பயிற்சி தந்து, நான்காம் நாள் வடமராட்சி கிழக்குக்கு வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆக, நான் இந்தத் துறைக்கு வந்த காரணம் சம்பளம். அதை ஒரு கட்டுரையில் எழுதியிருந்தால் நீங்கள் என்னை எடுத்திருப்பீர்களா?

கையில் ஒரு போம் தந்திருந்தார்கள். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு எழும்புகிறீர்களா, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்று கேள்விகள். கடலைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று மணற்காட்டில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். “பயம் எண்டு சொல்லி என்ன செய்யிறது? வலை கடலோடை போட்டுது. படகுப் பதிவிலை அண்ணன்ரை பேரைப் போட்டதாலை இப்ப வீட்டிலை கதை பேச்சு இல்லை” என்றார். நான் “பயம்: ஆம்” என்று புள்ளடி போட்டேன். வலைக்கும், பேசாமல் போன அண்ணனுக்கும் அந்தப் போமில் கட்டம் இல்லை.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயர் 1980 இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டுக்குள் வந்தது, பெரும்பாலும் வியட்நாம் போரில் இருந்து திரும்பிய படையினரின் அனுபவத்தை ஒட்டி. அது பிழையான கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவரவில்லை. அந்த நோய் இங்கேயும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் யுத்தத்தின் நடுவே யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி ஏன் அவ்வளவு எழுதினார் என்பது அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டவர்களுக்கு விளங்கும். ஒருவருடைய மண்டைக்குள் மட்டும் உடைந்த பொருள் அல்ல அது. குடும்பம், அயல், கோயில், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைந்தது. அதை அளக்க வந்தவர்களோ ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன்.

சரி, தலைப்பில் இருக்கும் அம்மாவுக்கு வருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில், பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞரோடு நானும் இருந்தேன். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். தன்மையான பிள்ளை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து இருந்தார். நெஞ்செரிவு, கைகால் விறைப்பு என்று சொல்லி, ஈசிஜி, ஸ்கான் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக எங்களிடம் அனுப்பப்பட்டவர்.

“எனக்கு ஒரே யோசினை தம்பி. விடிய விடிய யோசினை.”

அந்த இளைஞர் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு, பாடத்தில் சொல்லித் தந்தபடி, மெதுவாகக் கேட்டார்: “என்ன யோசனை அம்மா? ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா?”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “திட்டமோ? வீட்டுத்திட்டம் எங்களுக்குக் கிடைச்சிட்டுது தம்பி.”

தற்கொலைத் திட்டம் இருக்கிறதா என்று அவர் கேட்டது, யுத்தத்துக்குப் பிறகு ஊரெல்லாம் வீட்டுத்திட்டப் பதிவுக்கு அலைந்த ஒருவரின் காதில் எப்படி விழுந்தது பாருங்கள். அகராதிப்படி யோசனை என்றால் சிந்தனை. யாழ்ப்பாணத்தில் யோசிப்பது என்றால் கவலைப்படுவது, ஒன்றையே நினைத்துத் தேய்வது, நித்திரை இல்லாமல் முகட்டைப் பார்த்தபடி கிடப்பது. “அவ சரியா யோசிக்கிறா, பாவம்” என்று அயலட்டை சொன்னால் அது ஒரு நோய்க்குறி. இதைப்போலத்தான் விசர் என்ற சொல்லும். “ஒரே விசராக் கிடக்கு” என்று ஒரு தாய் சொன்னால் அவருக்குப் பைத்தியம் என்று பொருள் இல்லை, எரிச்சலும் இயலாமையும் சேர்ந்து தலைக்கு மேலே போய்விட்டது என்று பொருள். அதே சொல்லை அயலவர் இன்னொருவரைக் காட்டிச் சொன்னால் அந்த வீட்டில் கலியாணம் குழம்பும். அந்தரம் என்பதற்கு நான் இன்றுவரை ஒரு ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கவில்லை. பதற்றமும் அவசரமும் தனிமையும் ஒன்றாக நெஞ்சுக்குள் நிற்பது. “அந்தரிச்சுப் போனன்” என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும்.

அந்த இளைஞர் நின்றார். அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். தன் கேள்வி எங்கேயோ வழுக்கிவிட்டது என்று விளங்கியதும் முகம் சிவந்தது, பிறகு சிரித்தார். பேனையை மூடி வைத்தார். “அம்மா, யோசினை எண்டால் என்ன எண்டு எனக்குச் சரியாத் தெரியேல்லை. சொல்லித் தாறியளோ?” என்று கேட்டார்.

அந்த அம்மா 45 நிமிடம் சொல்லிக்கொடுத்தார். மூத்தவளுக்குச் சீதனம் பொருந்தவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மகன் மூன்று மாதமாக எடுக்கவில்லை. எடுத்தாலும் “சுகமாய் இருக்கிறன்” என்று மட்டும் சொல்லி வைக்கிறான். அவனை அனுப்பியதற்கு ஈடு வைத்த காணி இன்னும் மீளவில்லை. நடுவில் நான் எதுவுமே பேசவில்லை. முடிவில் அவர், சாவதைப் பற்றியும் தானாகவே சொன்னார். முதலில் கேட்ட கேள்விக்கான பதில் அப்போதுதான் வந்தது.

அந்த இளைஞர் தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் இருந்தது எந்தக் கட்டுரையிலும் வராத ஒரு குணம். நோயாளியின் முன் மொக்கனாக இருக்க அவர் வெட்கப்படவில்லை.

எனக்கு அந்தக் குணம் உடனே வரவில்லை. 2011 இல் ஒரு வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாத தாய். நான் அப்போது இழப்புத் துயர் பற்றிய பயிற்சி ஒன்றைப் புதிதாக முடித்திருந்தேன், படிநிலைகள் எல்லாம் மனப்பாடம். நான்காவது சந்திப்பில், நல்ல மெதுவான குரலில், “இழப்பை ஏற்றுக்கொள்ளுறது கஷ்டம்தான் அம்மா” என்று தொடங்கினேன்.

அவர் என்னை அதுவரை பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அன்று, “நீர் இப்ப அவனுக்கு அந்தியேட்டி செய்யச் சொல்லுறீரோ?” என்று கேட்டார். அந்த “நீர்” இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்களில் எல்லோருக்கும் இது விளங்காமல் இருக்கலாம், ஆகவே சொல்கிறேன். இங்கே சைவக் குடும்பத்தில் ஒருவர் செத்தால் துக்கத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. செத்தவீடு, காடாற்று, எட்டுச் செலவு, 31 ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுத் திவசம். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகுவார்கள், தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பறுவம். அழுவதற்கு நாள் இருக்கிறது, ஒப்பாரிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், சமைக்காமல் இருப்பதற்கும் பிறகு சமைக்கத் தொடங்குவதற்கும் முறை இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்கள் வருவதற்கு முன்னமே ஊர் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தது. ஆனால் காணாமற்போனவருக்கு இந்தப் பாதையில் முதல் அடியே வைக்க முடியாது. அந்தியேட்டி செய்தால் தாயே தன் கையால் பிள்ளையைக் கொன்ற மாதிரி. செய்யாவிட்டால், செத்திருந்தால், அவன் ஆத்மா அலையும். மருமகள் பொட்டு வைத்தாலும் ஊர் கதைக்கும், வைக்காவிட்டாலும் மாமி அழுவா. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயரை நான் பிறகுதான் படித்தேன். அந்த அம்மா ஒரே கேள்வியில் அதை முழுதாகச் சொல்லிவிட்டார்.

அரசுக்குக்கூட இது விளங்கக் காலம் எடுத்தது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்குச் சட்டம் கொண்டுவந்தது 2016 இல். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடம்தான். 2017 தொடக்கத்தில் இருந்து தாய்மார் தெருவோரப் பந்தல்களில் படங்களோடு இருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அவர்களிடம் போய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் ஓர் உளவியலாளர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

நான் என்ன செய்தேன் என்றால், வெட்கத்தில் இரண்டு கிழமை அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். “அண்டைக்கு நான் சொன்னது பிழை அம்மா” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழும்பி உள்ளே போனார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணி கொண்டு வந்தார்.

தேத்தண்ணி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேவை பெறுபவரிடம் அன்பளிப்பு வாங்கக்கூடாது, தேநீர் உபசாரத்தைக்கூடத் தவிர்ப்பது நல்லது என்று ஒரு பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். நல்ல விதி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணி மறுப்பதற்கு நூறு வருட அர்த்தம் ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக “எங்கட ஆக்கள்” தண்ணி வாங்கிக் குடிக்காத வீடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் ஓர் ஆச்சி குவளையை என் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறப்போகுது பிள்ளை” என்றார். அந்தக் கணத்தில் தொழில் ஒழுக்கக் கோவையைச் சொல்லிக் குவளையைத் தள்ளி வைத்தால், அந்த வீட்டில் வேலை அன்றோடு முடிந்தது. நான் குடித்தேன். சீனி கொஞ்சம் கூடத்தான்.

உங்கள் மாணவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்கப்படும், “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று. அல்லது, “ஆற்றை பிள்ளை?”, யாருடைய பிள்ளை என்று. முகவரி கேட்கிறார்கள் என்று வெளியில் இருந்து வருபவர் நினைப்பார். கேட்பவர் கேட்பது சாதி. அந்தக் கேள்விக்குப் பின்னால் சில நேரம் பெருமை இருக்கும், அதைவிட அதிகமாகப் பயம் இருக்கும்: இவளிடம் நான் சொல்வது எந்தக் குசினிக்குப் போய்ச் சேரும்? மாவிட்டபுரத்தில், கோயிலுக்குள் விடப்படாத சாதியினர் வாசலில் போராடியது 1968 இல். அதெல்லாம் முடிந்த கதை என்று சொல்பவர்கள் ஒரு கலியாணப் புரோக்கரோடு பத்து நிமிடம் கதைத்துப் பார்க்கட்டும். கேள்வி எங்கே இருந்து வருகிறது என்று விளங்காதவர் ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுவார். கேள்வி விளங்கியும் தன் பக்கத்தை நினைத்துக் கூச்சமோ கொழுப்போ இல்லாமல் இருக்கத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும்.

இதனால்தான், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆகவே யாழ்ப்பாணத்துப் பண்பாடு தெரியும் என்று நீங்கள் முடிவு செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. எந்த யாழ்ப்பாணம்? நல்லூரில் வளர்ந்த பிள்ளைக்குக் குருநகர்க் கடற்கரை தெரியாது. பூசைக்குத் தெரிந்த தமிழ் வேறு, மீன் ஏலம் கூறும் தமிழ் வேறு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டுப் பல வருடம் கழித்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பத்தின் முன் நான் இருக்கும்போது, நான் சொந்தக்காரியா, வெளியாளா? என் ஆட்கள் செய்ததும் அந்த அறைக்குள் ஒரு கதிரை போட்டு இருக்கிறது. ஒரு முதியவர் என்னிடம், “உங்களுக்கு இது விளங்காது மகள்” என்றார். விளங்கும் என்று சொல்ல வாய் உன்னியது. நல்ல காலம், சொல்லவில்லை.

1998 இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் பண்பாட்டுப் பணிவு என்று ஒரு பதத்தை முன்வைத்தார்கள். மற்றவரின் பண்பாட்டைக் கற்று முடித்துச் சான்றிதழ் வாங்க முடியாது, வாழ்நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அதற்கும் முன்னால், மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆதர் கிளைன்மன் நோயாளியின் சொந்த விளக்கத்தைக் கேட்பதற்குச் சில எளிய கேள்விகளைத் தந்தார். இப்போது, முன்பு சொன்ன அமெரிக்கக் கையேட்டின் டிஎஸ்எம் 5 பதிப்பிலேயே, 2013 இல் இருந்து, பண்பாட்டை அறிவதற்கு 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் இருக்கிறது. அதை நீங்கள் படிப்பிப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் என் டயறியின் பின்பக்கத்தில் என் பாட்டுக்கு எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: இதுக்கு நீங்கள் என்ன பேர் சொல்லுவியள்? ஏன் வந்தது எண்டு நினைக்கிறியள்? முன்னமே வராமல் ஏன் அப்ப வந்தது? இதிலை உங்களுக்கு ஆகப் பயம் எது?

பதில்கள் எல்லாம் வரும். செய்வினை என்பார்கள், ஏழரைச் சனி என்பார்கள், நாவூறு என்பார்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் போய் நாள் கணக்கில் இருந்துவிட்டு வந்திருப்பார்கள், கையில் நூல் இருக்கும். ஒரு வீட்டில் மருமகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் உரு வந்தது. அம்மன் வந்து மாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏசியது. மற்ற ஆறு நாளும் அந்தப் பெண் மாமியின் முன்னால் வாய் திறப்பதில்லை. அம்மன் என்ன சொல்கிறா என்று கேட்காமல், அது மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் எழுதுபவர் அந்தப் பெண் பேசக் கண்டுபிடித்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார். ஆனால் அதே பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்த்தோம், இல்லை. இருந்திருந்தால் மருந்து வேண்டும், அம்மன் கோபித்தாலும் பரவாயில்லை. பண்பாடு தெரிந்தவர் என்பதற்காக விஞ்ஞானத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரும் ஆளை அனுப்பாதீர்கள். சின்ன வயதில் ஒரு மனநோயாளிக்கு வேப்பிலை அடித்தே காலம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எனக்கு அதிகம் பயம். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்தால், “எங்கட பண்பாட்டிலை குடும்பத்தைப் பிரிக்கேலாது” என்று தொடங்குபவர்கள். நோயாளியைப் பின் அறையில் பூட்டி வைத்திருக்கும் குடும்பத்திடம், தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்று தலையாட்டுபவர்கள். ஒரு சமூகத்தில் வாய் உள்ளவர்கள் சொல்வது மட்டும்தான் அதன் பண்பாடு என்று நினைத்தால், நாங்கள் அடித்தவனின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவோம்.

இந்தத் தொழிலின் அகந்தையைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் 1995 அளவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த பத்து வருடத்தில் அது ஏறத்தாழ அரைவாசியானது. அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முதன்மையான காரணம், கடும் நஞ்சான பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998 இல்தான் நீங்கியது. எங்கள் கதிரைக்கு முன்னால் வந்து அழுதவர்களைவிட, தோட்டக் கொட்டிலில் அந்தப் போத்தல் இல்லாததால் பிழைத்தவர்கள்தான் கூட. தான்தான் மக்களை மீட்கப் போகிறேன் என்று எழுதி வருபவருக்கு இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முகம் வாடுகிறதா, அல்லது “அப்படியா, எந்த மருந்தை எப்போது தடை செய்தார்கள்?” என்று கேட்கிறாரா? இரண்டாமவரை எனக்குப் பிடிக்கும்.

சொந்தக் காயம் உள்ளவர்கள் வரக்கூடாது என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். இங்கே அப்படிப் பொறுக்கினால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நானும் ஒருத்தி. நல்ல உளவளத்துணையாளர்களாக வந்த பலரை இழுத்து வந்ததே அந்த மாதிரி இரவுகள்தான். ஆனால் காயத்தைக் கட்டுரையாக எழுதிப் பழகியவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முன்னால் இருப்பவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, இவர்கள் தங்கள் கதை வரும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். வந்ததும் தலை வேகமாக ஆடும். சொல்பவருக்கு அது தெரிந்துவிடும், அவர் கதையை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். எங்கள் ஆட்கள் உபசரிக்கத் தெரிந்தவர்கள். உளவியலாளர் எந்தக் கதையை விரும்புகிறார் என்று கண்டுபிடித்தால் அதையே பரிமாறுவார்கள்.

அந்தக் கட்டுரையைக் கேட்பதன் மூலம் நீங்கள் பிள்ளைகளுக்கு அதே பழக்கத்தைத்தான் பழக்குகிறீர்கள். நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை. ஏன் இந்தத் துறை என்று கேட்பதை நிறுத்துங்கள், அல்லது அரைப் பக்கத்தோடு விடுங்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் ஒருவரைப் பிழையாக விளங்கிக்கொண்ட ஒரு சம்பவத்தை எழுதுங்கள் என்று கேளுங்கள். எப்போது தெரிந்தது, யார் சொன்னது, அதற்கு அடுத்த நாள் என்ன செய்தீர்கள்? அடுத்த நாள்தான் முக்கியம். நேர்முகப் பரீட்சையில் ஒரு பதினைந்து நிமிடமாவது விண்ணப்பதாரரின் தாய்மொழியிலேயே பேசவிடுங்கள். ஆங்கிலத்தில் அழகாக ஒலிக்கும் சில பிள்ளைகள் “உங்கட அம்மம்மாவுக்கு மனச்சோர்வை எப்படிச் சொல்லுவியள்?” என்று கேட்டால் திணறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். திணறுவது குற்றமில்லை. திணறிவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால், கடைசிச் சுற்றுக்கு வருபவர்களை ஒரு முழு நாள் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வாங்கில், பதவியும் பைலும் இல்லாமல், சனத்தோடு சனமாக இருத்துங்கள். நம்பர் துண்டோடு. மாலையில், காதில் என்ன விழுந்தது என்று மட்டும் கேளுங்கள். வடக்கில் தமிழில் இந்த வேலை செய்யக்கூடிய மருத்துவ உளவியலாளர்கள் மிகக் குறைவு. நீங்கள் எடுக்கும் ஒவ்வொருவரும் எங்களுக்கு ஒரு மாவட்டத்தின் அரைவாசி. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை போன கிழமை திரும்பவும் வந்தாள். இந்த மடலை எழுத அவளிடம் அனுமதி கேட்டிருந்தேன், தந்தாள், பேரைப் போட வேண்டாம் என்றாள். அதோடு இன்னொரு கட்டுரையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஷெல் இல்லை. எங்களோடு வந்த முதல் மாதத்தில், “எனக்கு இனி ஒண்டும் வேண்டாம்” என்று ஒரு வயோதிபர் சொன்னதை அவள் சாவு எண்ணம் என்று குறித்துக்கொண்டு, பயந்து, பிள்ளைகளுக்கு அறிவித்து, வீடு முழுக்கக் கலவரமான கதை. அந்த ஐயா சொன்னது ஆச்சிரமத்துக்குப் போய் இருக்கப் போகிறேன் என்பதை. பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவரை இவள் முந்திவிட்டாள். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனதையும், அவர் மூன்று நாள் கதவைத் திறக்காததையும், நான்காம் நாள் திறந்ததையும் எழுதியிருந்தாள். ஆங்கிலம் முந்தியதைவிடக் கொஞ்சம் தட்டுத்தடுமாறியது. நான் ஒன்றும் திருத்தவில்லை.

“இதை அனுப்பினா எடுபடுமோ அக்கா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். விண்ணப்ப முடிவுத் திகதி இந்த மாதக் கடைசி. இரண்டு கட்டுரைகளையும் அவள் பென்டிரைவில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் உளவளத்துணையாளர்